1970: மூன்று பீட்டில்கள், மூன்று தனி ஆல்பங்கள்

இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸ் உடைந்த 1970-லேயே நால்வரும் தனி ஆல்பம் போட்டுவிட்டார்கள். ரிங்கோ ஸ்டார் இரண்டு போட்டார்: ஒன்றில் அந்தக்காலத்துப் பாட்டுகள், இன்னொன்று அமெரிக்காவின் நாஷ்வில்லில் பதிவான கன்ட்ரி (அந்நாட்டுக் கிராமிய இசை). கேட்கலாம், ஆனால் பந்தயத்தில் இல்லை. போட்டி மற்ற மூவருக்குள்தான்: பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஜான் லெனன்.

முந்திக்கொண்டது பால். ஏப்ரல் 17-இல் வந்த 'மெக்கார்ட்னி' பெரும்பாலும் லண்டன் வீட்டில், நான்கு டிராக் ஒலிப்பதிவு மெஷினில் பதிவானது. வாத்தியம் எல்லாமே அவர்; மனைவி லிண்டா கூடப் பாடினார். பீட்டில்ஸின் 'லெட் இட் பீ' ஆல்பம் வரப்போகிறது, கொஞ்சம் தள்ளிப்போடு என்று கடிதம் கொண்டுவந்த ரிங்கோவை வீட்டைவிட்டே விரட்டினார். அத்தனை அடம்பிடித்து வெளியிட்ட ஆல்பத்தில் பாதி அரைவேக்காடு. 'மேபி ஐ'ம் அமேஸ்ட்' பாட்டு மட்டும் வேறு உயரம். "இது இன்னும் முடியலையேப்பா" என்று சொல்லப் பக்கத்தில் லெனன் இல்லாத குறை நன்றாகவே கேட்கிறது.

சுவாரசியமே அடுத்த இரண்டில்தான். நவம்பரில் ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்', டிசம்பரில் 'ஜான் லெனன்/பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்'. இரண்டிலும் இணைத் தயாரிப்பாளர், வாத்தியங்களையும் எதிரொலியையும் அடுக்கடுக்காகக் குவிப்பதில் பேர்போன ஃபில் ஸ்பெக்டர். இரண்டிலும் ரிங்கோ டிரம்ஸ் வாசிக்கிறார், கிளாஸ் ஃபூர்மன் பேஸ் கிட்டார். ஆனாலும் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாத ஒலி.

ஹாரிசனுடையது அணை உடைந்த வெள்ளம். பீட்டில்ஸ் ஆல்பங்களில் பெரும்பாலும் அவருக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு இடம். தலைப்புப் பாட்டையே 1969 ஜனவரியில் குழுவோடு ஒத்திகை பார்த்தும் அது பீட்டில்ஸ் ஆல்பத்தில் ஏறவில்லை. சேர்ந்ததையெல்லாம் மூன்று இசைத்தட்டில் கொட்டிவிட்டார். கிட்டாரில் எரிக் கிளாப்டன், கீபோர்டில் பில்லி பிரெஸ்டன், பேட்ஃபிங்கர் குழு என்று ஒரு படையே வாசிக்கிறது. 'மை ஸ்வீட் லார்ட்' கோரஸில் 'குருர் பிரம்மா' வரும்போது நம்மூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். (அந்த மெட்டு 'ஹீஸ் ஸோ ஃபைன்' என்ற பழைய பாட்டை ஒத்தது என்று வழக்கு வந்தது; தன்னையறியாமல் எடுத்தாண்டிருக்கிறார் என்று 1976-இல் தீர்ப்பு.) குறை, எதிரொலி. பிற்காலத்தில் ஹாரிசனே அதைச் சொல்லி அலுத்துக்கொண்டார். மூன்றாவது தட்டின் ஜாம்களை (கூடி உட்கார்ந்து போகிற போக்கில் வாசித்தவை) நான் தாண்டிவிடுவேன்.

லெனனோ எல்லாவற்றையும் உரித்துவிட்டார். ஆர்தர் யானோவின் மனச்சிகிச்சைக்குப் பிறகு எழுதிய பாட்டுகள். சின்ன வயதில் விட்டுப்போன அப்பா, 1958-இல் கார் மோதி இறந்த அம்மா. 'மதர்' முடியும்போது பாடவில்லை, கத்துகிறார். 'காட்' பாட்டில் தனக்கு நம்பிக்கையில்லாதவற்றை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் பீட்டில்ஸையும் சேர்க்கிறார். ஒரு நொடி நிசப்தம். ஸ்பெக்டர் இருந்தும் இந்த வெறுமை!

முழு ஆல்பமாக என் ஓட்டு லெனனுக்கே. ஆனால் வாரத்தில் எத்தனை நாள் அதைப் போட மனம் வரும்? தினம் கேட்க ஹாரிசனின் முதல் இரண்டு தட்டுகள்.

வேடிக்கை என்னவென்றால், பாட்டுச் சேமிப்பையெல்லாம் செலவழித்துவிட்ட ஹாரிசனுக்கு அப்படியொரு ஆல்பம் மறுபடி அமையவில்லை. லெனன் அடுத்த வருடமே 'இமேஜின்' ஆல்பத்தில் வயலின்களைக் கூட்டிக் கொஞ்சம் இனிப்புச் சேர்த்தார். சறுக்கலாகத் தொடங்கிய பால்தான் 'ராம்', 'பேண்ட் ஆன் தி ரன்' என்று ஏறிப்போய், 2020 ஊரடங்கில் மறுபடி கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து 'மெக்கார்ட்னி 3' போட்டார். அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.