இன்டர்வியூ தயாரிப்பு: பதில்களை மனப்பாடம் செய்வதா, சம்பவங்களை எடுத்து வைப்பதா?

இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களை இரண்டு வகையாகப் பார்க்கலாம். கேட்கப்படக்கூடிய கேள்விகளைத் தேடி எடுத்து, பதில்களை முழுசாக எழுதி மனப்பாடம் செய்பவர்கள் ஒரு வகை. தாங்கள் பார்த்த வேலையிலிருந்து ஐந்தாறு சம்பவங்களை மட்டும் நன்றாக யோசித்து வைப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது பக்கம். அதற்காக மனப்பாடத்தை முழுக்க ஒதுக்கச் சொல்ல மாட்டேன்.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதுமே பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு பதிலை மட்டும் எழுதிப் பழகியிருந்தால் தடுமாறாமல் தொடங்கிவிடலாம். இருக்கிற வேலையை ஏன் விடுகிறீர்கள், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்ற இரண்டுக்கும் அப்படித்தான். அங்கே வாய் தவறினால் சரிசெய்வது கஷ்டம்.

மற்ற இடங்களில் மனப்பாடம் துணைக்கேள்வியில் மாட்டிக்கொள்ளும். 'ஒரு வேலை சொன்ன தேதிக்கு முடியாமல் போனபோது என்ன செய்தீர்கள்?' என்பதற்கு அழகான பதில் கையில் இருக்கும். சொல்லி முடித்ததும், 'வாடிக்கையாளரிடம் விஷயத்தைச் சொன்னது நீங்களா, மேலாளரா? எப்போது சொன்னீர்கள்?' என்று கேட்பார்கள். எழுதி வைத்ததில் அந்த வரி இருக்காது. 'நாங்க டீமா பேசி...' என்று இழுத்தால் போச்சு. சம்பவத்தை யோசித்து வைத்தவருக்கோ அன்று போட்ட மெயில், கேட்ட இரண்டு நாள் அவகாசம், முதலில் முடித்துக் கொடுத்த பகுதி எல்லாம் நினைவில் இருக்கும். எந்தப் பக்கம் தோண்டினாலும் பதில் வரும். அதே சம்பவம் 'நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள்?' என்ற கேள்விக்கும் உதவும்.

இப்படித் தோண்டிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கடந்த காலத்தில் நிஜமாக என்ன செய்தார் என்று கேட்கும் நேர்காணல், வழக்கமான பேச்சைவிட வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்று ஆய்வாளர் டாம் ஜான்ஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று சம்பவத்தை அடுக்கும் 'ஸ்டார்' முறை இவ்வகைக் கேள்விகளுக்கு நன்றாகப் பொருந்தும். பலர் சூழலை விளக்கியே நேரத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். செயலுக்குத்தான் பாதி நேரமாவது தர வேண்டும், அதையும் 'நான்' என்று சொல்ல வேண்டும்.

வேலை அனுபவமே இல்லாதவர்கள் கல்லூரி புராஜெக்டிலிருந்து எடுக்கலாம், தப்பில்லை.

சரி, பயிற்சி எப்படி? குறிப்பைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிடத் தாளை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்வது மேல். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். முதல் நாள் ராத்திரி படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றுவதை நம்ப வேண்டாம்.

போனில் பதிவு செய்து பார்த்தால் வேகமும், 'வந்து', 'அதாவது' எத்தனை தடவை வருகிறது என்பதும் தெரியும். ஆனால் போன் துணைக்கேள்வி கேட்காது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நண்பரை உட்கார வையுங்கள். கேள்வித்தாளை அவரிடம் கொடுக்க வேண்டாம். 'ஏன்', 'அப்புறம்', 'யார் முடிவெடுத்தது' என்று நடுவில் மறித்துக் கேட்கச் சொன்னாலே போதும்.