கொடைக்கானலுக்குச் சைக்கிளில்: ரோட்டுக்கு முழு மார்க், வாடகைச் சைக்கிள் ஃபெயில்

மதுரை ஆரப்பாளையத்தில் கிளம்பிக் கொடைக்கானல் போகும் பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தேன். அந்த மலையில் மொத்தம் எத்தனை வளைவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்த வளைவில் எந்த சீட்டுக்காரர் ஜன்னலைத் தேடுவார் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ரிட்டையர் ஆன பிறகு சர்க்கரைக்காகச் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தேன். காலையில் நத்தம் ரோட்டில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். அதைப் பார்த்துவிட்டு என் மகள் மூன்று நாள் மலைச் சைக்கிள் பேக்கேஜ் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டாள். தலைக்கு 7,800 ரூபாய். ரோடு பைக் (தார் ரோட்டுக்கான மெல்லிய டயர் சைக்கிள்) வாடகை, பின்னாலேயே வரும் வேன், ஒரு மெக்கானிக் பையன், இரண்டு இரவு தங்கல், சாப்பாடு எல்லாம் இதில் அடக்கம். நடத்துகிறவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை. சின்னப் பையன்கள், சொன்னால் திருத்திக்கொள்வார்கள்.

அதிகாலை நான்கு மணிக்கு மதுரையில் வேனில் ஏற்றி வத்தலக்குண்டில் இறக்கினார்கள். மதுரையிலிருந்தே மிதிக்கலாமே என்று கூட வந்த ஒரு தம்பி கேட்டான். மிதிக்கலாம்தான். சோழவந்தான், நிலக்கோட்டை வழியாகப் போனால் வெற்றிலைக் கொடிக்காலும் பூத்தோட்டமும் பார்த்துக்கொண்டே போகிற அருமையான ரோடு. ஆனால் மலைக்கு வைத்திருக்க வேண்டிய கால் பலத்தை 60 கிலோமீட்டர் சமவெளியில் செலவழித்துவிட்டு அப்புறம் என்ன செய்வது? வத்தலக்குண்டில் தொடங்கியது சரியான முடிவு.

காட்ரோடு பிரிவில் வலது பக்கம் திரும்பினால் மலை. அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 50 கிலோமீட்டர். அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், மேலே 2,100. கணக்குப் போட்டால் நூறு மீட்டருக்கு மூன்றரை மீட்டர் ஏற்றம். செங்குத்து இல்லை. இந்த ரோட்டின் குணம் அதுதான்: எங்கேயும் உங்களை அடித்துப் போடாது, ஆனால் எங்கேயும் விடாது. மூச்சைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

தொடக்கத்திலேயே நாற்பது நிமிடம் போயிற்று. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். வேனுக்கு இ-பாஸ் எடுக்க மறந்துவிட்டார்களாம். செக்போஸ்ட் ஓரத்தில் நின்று ஒருவர் போனில் எடுத்துக்கொண்டிருந்தார். வெயிலுக்கு முன்னால் மிதிக்க வேண்டிய நாற்பது நிமிடம் அது.

கண்டக்டர்களுக்கு மலை என்றால் ஸ்டேஜ் (டிக்கெட் விலை மாறும் நிறுத்தம்) கணக்கு. டம்டம் பாறை, ஊத்து, பண்ணைக்காடு பிரிவு, வாழைகிரி, மச்சூர், பெருமாள்மலை, செண்பகனூர், மூஞ்சிக்கல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாது. ஆனால் டம்டம் பாறையில் நின்று தலையாறு அருவியை நிதானமாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். எதிர் மலையில் மெல்லிசாக வெள்ளைக் கோடு மாதிரி தொங்கும். பஸ்ஸில் இருந்த காலத்தில் அந்த இடம் வரும்போது நான் இன்வாய்ஸ் (டிக்கெட் கணக்கு) எழுதிக்கொண்டிருப்பேன். பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்வதை வைத்துத்தான் அருவி வந்துவிட்டது என்று தெரியும். கீழே மஞ்சளாறு அணை ஒரு தட்டு மாதிரி கிடந்தது. குரங்குகள் மட்டும் மாறவில்லை. ஒருத்தருடைய கடலை மிட்டாய் போயிற்று.

டம்டம் பாறை தாண்டியதும் முழங்கால் பேச ஆரம்பித்தது. இனி சைக்கிள் விஷயம்.

எனக்குக் கொடுத்த வண்டியில் முன்பக்கச் சின்னப் பல்சக்கரம் 39 பல், பின்பக்கப் பெரிய பல்சக்கரம் 25 பல். பந்தயத்துக்கு, அதுவும் சமவெளிக்கு ஏற்ற அமைப்பு. இதில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி மூன்றேகால் மீட்டர் நகரும். என் வயதுக்கு மலையில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் வரும். அப்படியானால் நிமிடத்துக்கு 46 சுற்று. ஒவ்வொரு சுற்றும் மாவு ஆட்டுகிற மாதிரி. முன்னால் 34, பின்னால் 32 இருந்திருந்தால் அதே வேகத்துக்கு 67 சுற்று வரும், கால் இலேசாகச் சுழலும். இந்தக் கணக்கை ஊத்து டீக்கடையில் உட்கார்ந்து அந்த மெக்கானிக் தம்பியே டிக்கெட் பின்புறத்தில் எழுதிக் காட்டினான். "மெதுவா மிதிங்கண்ணே" என்றான். "இதுக்கு மேல மெதுவா மிதிச்சா சாஞ்சிரும் தம்பி" என்றேன். அவனுக்கும் தெரிந்திருக்கிறது, முதலாளிக்குத்தான் தெரியவில்லை. கேசட் என்கிற பின்பக்கப் பல்சக்கர அடுக்கு, செயின், அதற்கு ஏற்ற பின்பக்கக் கியர் மாற்றும் கை இவற்றை மாற்றினால் பாதிச் சிரமம் குறையும். ஏழாயிரத்து எண்ணூறு வாங்குகிறவர்கள் இதைச் செய்யலாம்.

அந்தப் பையனுக்கு மட்டும் தனியாக மார்க் போட வேண்டும். பண்ணைக்காடு பிரிவுக்கு முன்னால் எனக்குப் பஞ்சர். நான் ஹெல்மெட்டைக் கழற்றி முகம் துடைப்பதற்குள் டியூப் மாற்றிவிட்டான்.

பண்ணைக்காடு பிரிவிலிருந்து மேலே ரோடு வேறு முகம் காட்டுகிறது. காப்பித் தோட்டம், மிளகுக்கொடி, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், நடுவில் பலா. காற்றில் குளிர் ஏறுவது ஒவ்வொரு வளைவிலும் தெரியும். கீழே பனியன் நனைந்து ஒட்டியிருந்தது, பெருமாள்மலையில் அதே ஈரம் முதுகில் குத்தியது. ஒரு ஜெர்கின் வேனில் போட்டு வையுங்கள். பழனியிலிருந்து வரும் ரோடு பெருமாள்மலையில்தான் சேரும், அங்கிருந்து வண்டிக் கூட்டமும் கூடும்.

இங்கே பஸ்காரனாக ஒன்று சொல்கிறேன். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் மூஞ்சி வெளிப்பக்கம் அகலமாகப் போகும், பின்சக்கரம் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். உள்பக்கம் காலியாக இருக்கிறதே என்று சைக்கிளை நுழைத்தால் அந்த இடம் இரண்டு நொடியில் காணாமல் போகும். டிரைவரால் கண்ணாடியில் உங்களைப் பார்க்கவும் முடியாது. வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று, பஸ் போன பிறகு ஏறுங்கள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதைச் சைக்கிளுக்கு யாரும் கொடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். பேக்கேஜ்காரர்கள் கிளம்பும் முன் கொடுத்த பதினைந்து நிமிட வகுப்பில் செல்ஃபி எடுக்கும் இடங்களைச் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை.

டோல்கேட் பக்கத்தில் வெள்ளி அருவி. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் இங்கே விழுகிறது. அந்த ஏரிக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு. 1863-இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி அதை உண்டாக்கிய லெவிஞ்ச் மதுரைக் கலெக்டராக இருந்தவர். அருவியிலிருந்து ஏரிக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். அந்த எட்டுக்கு எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மொத்தம் ஆறே முக்கால் மணி நேரம், டீ, பஞ்சர், முழங்கால் சமாதானம் எல்லாம் சேர்த்து. பஸ்ஸில் இரண்டரை.

தங்கிய இடம் சுமார், வெந்நீர் வந்தது, போதும். இரவுச் சாப்பாட்டில் சப்பாத்தி காய்ந்து போயிருந்தது. மறுநாள் காலை ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். அதைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நடக்கிறவர்கள், குதிரை, வாடகைச் சைக்கிளில் மூன்று பேராக வரும் குடும்பங்கள் இவர்களுக்கு நடுவில் ரோடு பைக்கில் போவது கல்யாண மண்டபத்தில் ஓட்டுகிற மாதிரி.

விளம்பரத்தில் ஒரு வரி மட்டும் இருந்த மன்னவனூர்தான் இந்தப் பேக்கேஜில் காசுக்கு மேல் கிடைத்தது. ஏரியிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகிற ரோடு. 39-க்கு 25 கூட இங்கே ஓரளவு ஒத்துப்போனது. பைன் மரக் காட்டுக்குள் போகும்போது டயர் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஒரு திருப்பத்தில் காட்டுமாடு நின்றது. எல்லாரும் இறங்கி, தூரத்திலேயே நின்று, அது சாலையைக் கடந்து முடிக்கும்வரை காத்திருந்தோம். ஹாரன், ஃபோட்டோ எதுவும் வேண்டாம் என்று சொல்லி நிறுத்திய வேன் டிரைவர் விவரமானவர். பூம்பாறையில் படிப்படியாக வெட்டிய வயலும் பூண்டு வாசனையும். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு அரைக் கிலோ மலைப்பூண்டு வாங்கினேன், சைக்கிள் சட்டையின் பின்பை அதற்கென்றே தைத்த மாதிரி இருந்தது. மன்னவனூர் ஏரி புல்வெளிக்கு நடுவில் அமைதியாகக் கிடக்கிறது. அங்கே அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். ஏரி சுற்றும் காலையை எடுத்துவிட்டு அந்த நேரத்தை இங்கே சேர்க்கலாம்.

மூன்றாம் நாள் இறக்கம். எங்கள் டிரைவர்கள் எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில்தான் இறங்குவார்கள், இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளில் எந்த கியர் போட்டாலும் ஒன்றும் பிடிக்காது, எல்லாம் பிரேக் தலையில்தான். வாடகை வண்டிகளில் டிஸ்க் பிரேக் இல்லை, ரிம்மை, அதாவது சக்கர விளிம்பைப் பிடிக்கிற பழைய பிரேக். தொடர்ந்து பிடித்தால் ரிம் சுட்டு, டியூப் வெடிக்கும். மச்சூருக்குக் கீழே ஒரு தம்பிக்கு அப்படியே வெடித்தது. நல்லவேளை பின்சக்கரம், வேகமும் குறைவு. நேர்ரோட்டில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, மறுபடி விட வேண்டும். நான் ஊத்தில் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். இட்லிப் பானை. அங்கேயே வேனில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், கார்கள் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும். பொங்கலுக்கு அப்புறம் வருகிற வார நாட்கள் நல்லது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மேலே தடை, அதனால் இரண்டு சைக்கிள் பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று கேளுங்கள். 32-க்குக் குறைவாகச் சொன்னால் உங்கள் சொந்தச் சைக்கிளை வேனில் ஏற்றச் சொல்லுங்கள், இடம் இருக்கிறது, நான் பார்த்தேன்.

கொடைக்கானல் ரோட்டுக்குப் பத்துக்குப் பத்து. மன்னவனூருக்கும் அப்படியே. மெக்கானிக் தம்பிக்கு ஒன்பது, அந்த ஒரு மார்க் அவன் என்னைக் கடைசி நாள் 'தாத்தா' என்று கூப்பிட்டதற்காகக் குறைத்தது. சைக்கிளுக்கு மூன்று. தை மாதம் மறுபடி போகிறேன், 34 பல் கேசட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.