வடசேரி பழைய புத்தகக் கடை: பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற இந்தக் கடை, ராணுவ வரலாறு தேடுகிறவர்களுக்குக் கொள்ளாம். ஹிட்லரின் தளபதிகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை 150 ரூபாய்க்கு எடுத்தேன். அதில், செக்கோஸ்லோவாக்கியா மீது கைவைத்தால் பிரிட்டனும் பிரான்சும் போரில் இறங்கும், ஜெர்மனி தோற்கும் என்று ஜெர்மன் ராணுவத்தின் போர்த் திட்டங்களைப் போடும் ஜெனரல் ஸ்டாஃபின் தலைவர் லுட்விக் பெக் 1938இல் குறிப்பு மேல் குறிப்பாக எழுதுகிறார். மற்ற தளபதிகள் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். ஆனால் அவரோடு சேர்ந்து ராஜினாமா செய்ய ஆள் இல்லை. ஆகஸ்டில் அவர் விலகினார். அடுத்து அந்தப் பதவிக்கு வந்த ஹால்டரும் ஹிட்லரைக் கவிழ்க்கும் திட்டத்தில் இருந்தவர்தான். செப்டம்பர் கடைசியில், போர் இல்லாமலே செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் வந்து அதைக் கெடுத்தது. சல்யூட் அடித்துக்கொண்டே மனசுக்குள் திட்டுவது பட்டாளத்தில் இருந்த எனக்கும் பழக்கம்தான், ஆனால் நாங்கள் திட்டியது மெஸ் சாப்பாட்டை!

சரியாக அந்த இடத்தில் சில பக்கங்கள் காணோம். கேட்டதும் கடை அண்ணாச்சி முனகாமல் 50 ரூபாய் திருப்பித் தந்தார். அப்புறம், மதியம் போகாதீர்கள், ஷட்டர் இறங்கியிருக்கும்.