வாயும் வாலும்: சென்னை மழைநீர் வடிகால் சேவை, ஒரு மதிப்புரை

கடையில் வாங்கிய பொருள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். மழைநீர் வடிகாலில் அந்த வசதி கிடையாது. சொத்துவரி கட்டுகிறவர் வாசலில் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் முப்பது நாற்பது வருடம் அதோடுதான் குடித்தனம். அதனால்தான் அதைப் பற்றியும் ஒரு மதிப்புரை தேவைப்படுகிறது. சென்னை மாநகராட்சியின் சேவைக்கு மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். நடுவில் இருக்கும் காங்கிரீட் பெட்டி பரவாயில்லை. தண்ணீர் உள்ளே நுழையும் வாயும், வெளியேறும் வாலும்தான் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன.

வடிகால் பற்றிய அறிவிப்பு எதை எடுத்தாலும் கிலோமீட்டர் கணக்குதான். கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கொடுத்த 25.1 கோடி டாலர் கடனில் 588 கி.மீ. புது வடிகால் என்றார்கள். அதே திட்டத்தில் சாலையோர வடிகால்களுக்கு 23,000 தொட்டிகளும் (‘கேட்ச் பிட்’) உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உண்மையில் அந்த 23,000 தான் முக்கியமான எண். ஏன் என்று சொல்ல முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு ஹெக்டேர் பரப்பு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர், முழுக்க வீடும் தாரும் சிமென்டும். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை அடிக்கிறது. விழுவதில் ஐந்தில் நான்கு பங்கு ஓடி வருகிறது என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் 4,80,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 40 லாரி. கோடையில் ஒரு லாரிக்குத் தவம் கிடக்கும் தெருவுக்கு மழைக்காலத்தில் ஒரே மணியில் 40 லாரி வந்து நிற்கிறது. நொடிக்குச் சொன்னால் 133 லிட்டர்.

இப்போது பெட்டி. 90 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம் உள்ள வடிகால், ஆயிரத்துக்கு ஒன்று சரிவு, 75 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது என்றால் நொடிக்கு 600 லிட்டர் சுமாராகப் போகும். மேலே சொன்ன மழைக்கு நாலரை ஹெக்டேரைத் தாங்கும். கெட்ட பெட்டி என்று சொல்ல முடியாது. அடியில் 30 செ.மீ. வண்டல் படிந்துவிட்டால் என்ன ஆகும்? மூன்றில் ஒரு பங்குதானே அடைத்திருக்கிறது, மீதி ஓடும் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் ஓட்டம் பாதியாகிறது. இடம் குறைவதோடு வேகமும் குறைவதுதான் காரணம். வண்டலின் மேடு பள்ளத்தையும் சேர்த்தால் பாதிக்கும் கீழே போகும். புது வடிகால் கட்டிய மறு வருடமே தெருவில் தண்ணீர் நின்றால் பெட்டியின் அளவைத் திட்டுவதற்கு முன் ஒரு மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பாருங்கள். பெட்டிக்கு ஐந்துக்கு நான்கு.

வாய்க்கு வருவோம். சாலையோரம் கம்பி வலையோ ஓட்டையோ தெரிகிறதே, அதற்குப் பின்னால் ஒரு சிறு தொட்டி இருக்கும். அதுதான் வண்டல் தொட்டி. ஒப்பந்ததாரர்கள் பேச்சில் ‘சில்ட் கேட்ச் பிட்’. அதன் அடித்தளம், வடிகாலுக்குப் போகும் துவாரத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மணலும் குப்பையும் அங்கே தங்கி, மேல் தண்ணீர் மட்டும் பெட்டிக்குள் போக வேண்டும். வேலை அவ்வளவுதான். இதில் தவறுவதற்குத்தான் எத்தனை வழி!

முதல் தவறு, இடம். தெருவில் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாய் இருக்க வேண்டும். வரைபடத்தில் சம இடைவெளியில் புள்ளி வைத்து, அதே புள்ளியில் தோண்டிவிடுகிறார்கள். தண்ணீருக்கு வரைபடம் தெரியாது. அது பள்ளத்தில் நிற்கிறது, வாய் நாலு மீட்டர் தள்ளி மேட்டில் காய்ந்து கிடக்கிறது. இரண்டாவது, மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டால் ஓரச் சரிவு மாறிவிடும், வாயில் பாதி தாருக்குள் புதைந்துவிடும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. சாலை வேலை நடக்கும் இரவில் நடைபாதைக் கல்லின் உயரத்தை அளந்து வைத்துக்கொள்வது உத்தரவைவிடப் பலன் தரும். மூன்றாவது, தொட்டியின் அடித்தளத்தைத் துவாரத்தின் மட்டத்துக்கே கட்டிவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் குறை தெரியாது. வண்டல் தங்க இடமில்லாததால் அத்தனையும் நேராகப் பெட்டிக்குள் போகும்.

வாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பொறியாளர் தேவையில்லை. செப்டம்பரில் ஒரு சாதாரண மழை பெய்து விட்ட அரைமணி கழித்துத் தெருவில் நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறதோ அங்கே சுண்ணாம்பில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்கும் பக்கத்து வாய்க்கும் உள்ள தூரத்தை அடிக்கணக்கில் எழுதி, படத்தோடு வார்டு உதவிப் பொறியாளரிடம் கொடுங்கள். ‘எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது’ என்பது புலம்பல். ‘இந்தக் கதவு எண் எதிரில், வாயிலிருந்து 11 அடி தள்ளி’ என்பது வேலைக்கான குறிப்பு. வாய்க்கு ஐந்துக்கு இரண்டு.

தூர்வாருவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மூடியைத் திறந்து, வண்டலை அள்ளி, வாய்க்குப் பக்கத்திலேயே குவித்து வைப்பது வழக்கமாகிவிட்டது. ஈரம் வடியட்டும் என்பது காரணம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் சரி. நாலாம் நாள் மழை வந்தால் அள்ளியது முழுக்க அதே வாய் வழியே உள்ளே போய்விடும். எவ்வளவு தூரம் தூர்வாரினார்கள் என்பதோடு எத்தனை லோடு வெளியே போனது என்றும் கேட்க வேண்டும். 90 செ.மீ. அகலத்தில் 30 செ.மீ. வண்டல் என்றால் 100 மீட்டருக்கு 27 கன மீட்டர் வர வேண்டும். ஒரு சின்ன டிராக்டர் லோடில் கணக்கை முடித்தால் எங்கோ இடிக்கிறது. இன்னொன்று, மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக இணைத்திருக்கும் தெருக்களில் பெட்டிக்குள் விஷவாயு இருக்கும். அங்கே ஆளை இறக்குவது கொலைக்குச் சமம். குறுக்கே போகும் கேபிளும் தண்ணீர்க் குழாயும் இன்னொரு தொல்லை. ஒரு பிளாஸ்டிக் பை அதில் மாட்டினால் போதும், மீதிக் குப்பை வந்து அணை கட்டிக்கொள்ளும்.

வால் விஷயம் இதைவிடச் சிக்கல். சென்னை தட்டையான ஊர். ஆயிரத்துக்கு ஒன்று சரிவு என்றால் 500 மீட்டர் நீள வடிகாலுக்கு மொத்தமே 50 செ.மீ. இறக்கம். அது போய்ச் சேரும் கால்வாயில் தண்ணீர் அரை மீட்டர் ஏறினால் அந்த இறக்கம் முழுவதும் போச்சு. அதற்கு மேல் ஏறினால் கால்வாய்த் தண்ணீர் தெருவுக்குள் வரும். மழையே இல்லாத நேரத்தில் வாய் வழியாகத் தண்ணீர் கொப்பளிப்பதைப் பார்த்து வடிகால் உடைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. வடிகால் ஒழுங்காகத்தான் இருக்கிறது, எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. கடல் ஏற்றம் நாளுக்கு இரண்டு முறை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடுதல். அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் மணல் மேடு சேர்ந்திருந்தால் ஏற்றம் இறங்கிய பிறகும் தண்ணீர் மெதுவாகத்தான் வெளியேறும்.

தெற்கே போனால் வால் இன்னும் நீளம். வேளச்சேரித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, அங்கிருந்து தெற்கே முட்டுக்காடு வரை போய்த்தான் கடலைப் பார்க்கிறது. நேர் கிழக்கே கடல் பக்கத்திலேயே இருக்க, இத்தனை சுற்று. சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதற்கு முன்பே அதில் பெரும்பகுதி கட்டடமும் குப்பை மேடுமாகிவிட்டது. பக்கிங்காம் கால்வாயில் நகருக்குள் பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன. இந்த வழியில் ஓரிடத்தில் நெரித்தாலும் வேளச்சேரியில் ஏறும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே அந்தப் பகுதிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்களே, சேவையைப் பற்றி வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரை என்றால் அதுதான்.

வால் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 நவம்பர் நல்ல பாடம். 6-ஆம் தேதி இரவு தொடங்கி நுங்கம்பாக்கத்தில் 21 செ.மீ. கொட்டியது. தி.நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரை அடையாற்றுக்குக் கொண்டுபோக வேண்டிய மாம்பலம் கால்வாயில் சீரமைப்பு வேலை பாதியில் கிடந்தது. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஆலோசனைக் குழு வந்தது. விட்டுப்போன இணைப்புகள் பல சேர்க்கப்பட்டன. அடுத்த பருவமழையில் அதே தெருக்கள் சீக்கிரம் வடிந்தன. பாராட்ட வேண்டியதுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஆறும் கால்வாயும் நிறைந்து நின்றபோது புது வடிகாலுக்கும் போக்கிடம் இல்லாமல் போனது.

இதில் நிர்வாகக் கோளாறும் உண்டு. தெரு வடிகால் மாநகராட்சியுடையது. ஆறும் ஏரியும் பெரிய கால்வாய்களும் நீர்வளத் துறையுடையவை. கழிவுநீர் குடிநீர் வாரியத்துடையது. பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம். தண்டவாளத்துக்கு அடியில் போகும் சிறு பாலம் ரயில்வேயிடம். ஒரு சொட்டுத் தண்ணீர் வாசலிலிருந்து கடலுக்குப் போக நாலைந்து அலுவலகங்களின் எல்லையைத் தாண்ட வேண்டும். 2025-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் வந்த திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி செய்கிறது. அந்த ஆணையத்தின் கையில் வால்களின் பட்டியல் இருந்தால் பிரயோஜனம்: எந்த வடிகால் எந்தக் கால்வாயில் சேர்கிறது, சேருமிடத்தில் அடிமட்டம் எவ்வளவு, கால்வாயின் வெள்ள மட்டம் எவ்வளவு, தடுப்புக் கதவு இருக்கிறதா, அதை மூடுவது யார். வாலுக்கு ஐந்துக்கு ஒன்றரை.

பம்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5 மீட்டர் உயரத்துக்கு இறைக்கும் 10 எச்.பி. பம்ப் நொடிக்கு 70 லிட்டர் சுமாராகத் தள்ளும்; மேலே சொன்ன ஒரு ஹெக்டேர் மழையில் பாதிதான். சுரங்கப்பாதைக்குச் சரி. தெருவுக்கு வைக்கும்போது குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று பாருங்கள். நிறைந்த அதே வடிகாலின் அடுத்த மூடிக்குள் விட்டிருந்தால் டீசல் செலவில் தண்ணீர் வட்டமடிக்கிறது. மூன்று கொடுக்கலாம்.

வெள்ளப் பாதிப்புப் பகுதிகளைப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் தண்ணீரின் ஆழத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்: 5 அடிக்கு மேல் மிக அதிகம், 3 முதல் 5 அதிகம், 2 முதல் 3 நடுத்தரம், 2-க்குக் கீழ் குறைவு. படகு எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க இது போதும். வடிகால் எங்கே கட்டுவது என்று முடிவெடுக்கப் போதாது. ஒன்றரை அடித் தண்ணீர் நான்கு நாள் நின்ற தெரு ‘குறைவு’ என்ற பட்டியலில் போய்விடுகிறது. தரைத்தள வீட்டில் மோட்டாரும் கட்டிலும் அரிசி மூட்டையும் போவது அங்கேதான். எத்தனை மணி நேரம் நின்றது என்று ஒரு பத்தி கூடுதலாகப் போட்டால் வால் கெட்ட தெருக்கள் தாமாகவே வெளியே தெரியும். சீக்கிரம் ஏறி சீக்கிரம் வடிந்தால் வாயில் கோளாறு. மழை விட்டும் வடியாவிட்டால் வாலில்.

2015 டிசம்பர் வெள்ளத்தை வைத்து இன்னொரு பார்வையும் வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது, ஆதனூர், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரியும் அடையாற்றில்தான் சேர்ந்தது, உபரி வழியும் அந்தக் கலங்கல்களுக்குத் திறந்து மூடக் கதவு கிடையாது. பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதியில் மூடு கால்வாய்கள் கட்டினார்கள். மாநகராட்சி எல்லைக்கு வெளியே செய்த அந்த வேலை, எல்லைக்குள் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக 1913, மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண். எடுக்கிறார்கள், பதிகிறார்கள், எண் கொடுக்கிறார்கள், மூன்றரை. பெருமழையன்று இணைப்புக் கிடைப்பது கஷ்டம், அதனால் மழைக்கு முன்பே கூப்பிட வேண்டிய எண் இது. கூப்பிடும்போது வார்டு எண், தெரு, அருகில் உள்ள மின்கம்ப எண், தண்ணீரின் ஆழம் கணுக்காலா முழங்காலா, எத்தனை மணியிலிருந்து நிற்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்ற ஆறையும் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பார்த்தால் போதும். இலை வாயை நோக்கிப் போனால் அடைப்பு எடுக்க ஆள் வர வேண்டும். வாயிலிருந்து விலகி வந்தால் ஆள் வந்தும் பயனில்லை, கால்வாய் மட்டம் இறங்கும் வரை பம்ப்தான். அதையே கேட்டு வாங்குங்கள்.