'ஈசிஎம் போயிடுச்சு சார்' என்றால் முதலில் சாவியைத் திரும்ப வாங்குங்கள்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஈசிஎம் என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை, பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. திருச்சியில் இருக்கிறது, வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, காபி தருவார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னுடையது 2014 மாடல் மாருதி ரிட்ஸ், பெட்ரோல். 92,000 கிலோமீட்டர் ஓடியது. போன ஐப்பசி மழையில் ஆரம்பித்தது வினை. ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் வண்டி உதறும், கியர் லீவர் கையோடு சேர்ந்து ஆடும். ஆர்பிஎம் முள் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) 800-இல் நிற்காமல் 500-க்கு இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். ஏசி போட்டால் அணைந்தே போகும். மஞ்சள் நிற செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. முள் அடியில் விழும்போதெல்லாம் சிவப்பு பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டின. அம்மாவை மாதம் ஒருமுறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வண்டி. மூன்று விளக்குகளைப் பார்த்ததும் பயந்துதான் போனேன். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

முதல் நாள், எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்ததைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள். என்ன கோடு (code, கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் டெக்னிக்கல் சார், மிஸ்ஸிங் அடிக்குது, சரி பண்ணிடலாம்" என்றார் சர்வீஸ் அட்வைசர். திராட்டில் பாடி (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) கிளீனிங் 1,200, இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) கிளீனிங் 2,400, நாலு புது பிளக் கூலியோடு 1,450. மொத்தம் 5,050 கட்டினேன். விளக்கு அணைந்திருந்தது, சந்தோஷமாக ஓட்டி வந்தேன். மூன்றாம் நாள் பால்பண்ணை சிக்னலில் பழைய ஆட்டம், பழைய விளக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனரில் கோடை அழித்தாலே செக் எஞ்சின் விளக்கு அணைந்துவிடும், கோளாறு அப்படியே இருந்தாலும். பெரும்பாலான கோளாறுகளுக்கு, வண்டி இன்னும் ஓரிரு முறை ஓடி அதே தவறு மறுபடி பதிவான பிறகுதான் விளக்கு திரும்ப எரியும். அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியைத்தான் எனக்கு ரிப்பேர் என்று விற்றார்கள். கோளாறு வந்த நேரத்தில் ஆர்பிஎம், எஞ்சின் சூடு எவ்வளவு என்று வண்டி குறித்து வைத்திருக்கும் விவரமும் அந்த அழிப்பில் போய்விடும். அடுத்து பார்க்கிற மெக்கானிக்குக்கு அதுவும் கிடைக்காது.

இரண்டாவது முறை ஃபியூல் பம்ப் 6,900, ஆக்சிஜன் சென்சார் 4,300, கூலி 1,500. அப்போதும் இரண்டே நாள்தான். பழைய பாகங்களைக் கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்றார். நானும் விட்டுவிட்டேன். என் தப்பு அது.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவெறும்பூர் தாண்டும்போது செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தது. போன் செய்தால், "ஒண்ணும் ஆகாது, ஓட்டிட்டு வாங்க சார்." அந்த விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப்போய்க் காட்டலாம். மின்னினால் அர்த்தமே வேறு. எரியாத பெட்ரோல் சிலிண்டரைத் தாண்டிப் புகைப் பாதையில் போகிறது, அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அளவு மீறிச் சூடாகிறது, கெட்டால் பல ஆயிரம் ரூபாய். ஓரம் கட்டிவிட வேண்டும். இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

மூன்றாம் முறைதான் உச்சம். "ஈசிஎம் போயிடுச்சு சார், 28,000. பேட்டரி லைட் வருதுல்ல, ஆல்டர்னேட்டர் 7,500. ஆயில் பம்பும் வீக், அது ஒரு 5,500." ஆக மொத்தம் 41,000 ரூபாய்க்கு எஸ்டிமேட். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அலுவலக நண்பர் ஒருவர் அரியமங்கலத்தில் ஒரு பாயிடம் அனுப்பினார். தகரக் கொட்டகை, காபியெல்லாம் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து, "தம்பி, ஒண்ணும் பேசாதீங்க, காதுல கேக்கணும்" என்றார். பிறகு பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒவ்வொன்றின் சாக்கெட்டையும் ஒரு நொடி பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். ஒன்று, மூன்று, நான்கைப் பிடுங்கும்போது எஞ்சின் இன்னும் தடுமாறியது. இரண்டாவதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டரைப் பிடுங்கினால் என்ன தெரியும்?

அவருடைய சின்ன ஸ்கேனரில் பி0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. எந்த சிலிண்டர் என்றுதான் அந்தக் கோடு சொல்லும், ஏன் என்று சொல்லாது. பிளக்கோ, காயிலோ, இன்ஜெக்டரோ, கம்ப்ரஷனோ (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) எதுவும் காரணமாக இருக்கலாம். பாய் இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதன் இடத்தில் மாட்டி, கோடை அழித்து, என்னையே ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். இப்போது பி0303. கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது. இதற்கு ஆன செலவு பூஜ்யம், நேரம் அரை மணி. கண்ணாடிக் கதவுக்காரர்கள் மூன்று முறையும் செய்யாத வேலை.

காயிலைக் கழற்றியபோது இன்னொன்றும் வெளியே வந்தது. அதன் அடி ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பி, ஓரிடத்தில் வெடித்திருந்தது. எஞ்சினின் மேல்மூடியான டாப் கவரின் பேக்கிங் கெட்டு, பிளக் குழிக்குள் ஆயில் இறங்கியிருக்கிறது. மின்பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் ரப்பர் வெடிப்பு வழியே பக்கவாட்டில் கசிந்திருக்கிறது.

நான் ஒரு நிமிடம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். புது பிளக் போட்டிருந்தால் அந்த ஆயிலைப் பார்க்காமல் இருந்திருக்கவே முடியாது. பாய் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். நாலும் பழசு, முனை தேய்ந்தது. "ஆக்சிஜன் சென்சார் மாத்தினாங்களா? இங்க பாருங்க." மானிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) சென்சார் துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது, சமீபத்தில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன்.

பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும்? எஞ்சின் அணையும் நிலைக்கு இறங்கும்போது ஆல்டர்னேட்டர் போதுமான மின்சாரம் தராது, ஆயில் அழுத்தமும் விழும். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஐடிலிங் சரியானதும் இரண்டும் தாமாக நின்றுவிட்டன. அதற்காகத்தான் 13,000 கேட்டிருந்தார்கள்.

பாய் பில்: காயில் ஒன்று 1,850, பேக்கிங் 550, பிளக் நாலு 760, கூலி 700. மொத்தம் 3,860. பழைய காயிலைக் கையில் கொடுத்தே அனுப்பினார்.

நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதையும் சொல்கிறேன். 2013 ஏப்ரலில் இருந்து இங்கே பிஎஸ்-4 புகை விதிக்கு உட்பட்ட கார்களில் ஓபிடி-2 (வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து பதியும் முறை) கட்டாயம், ஸ்டியரிங்குக்குக் கீழே சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். ஒர்க்‌ஷாப் போவதற்கு முன்பே கோடைப் படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அழிக்காதீர்கள். பழைய பாகம் வேண்டும் என்று வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் ஸ்கிராப் கதைதான் வரும்.

போட்டோக்களோடு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் "எங்க பையன் தப்பு பண்ணிட்டான்" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு பிளக்குக்கும் சென்சாருக்கும் 5,750 திருப்பிக் கொடுத்தார்கள். மீதி 12,000-க்கு அசையவில்லை. ஃபியூல் பம்பையாவது உண்மையில் மாற்றினார்களா என்று தெரிய, அதை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். "பார்க்க மட்டும்னா ஆயிரம் ரூபா ஆகும் தம்பி, நல்லா ஓடுறதை எதுக்குக் கழட்டணும்" என்கிறார் பாய். அடுத்த வாரம் கழற்றச் சொல்லிவிட்டேன்.