எக்செல்லா, ஓப்பன்ரிஃபைனா? செக்ரோலோடு மல்லுக்கட்டிய கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். போன வருஷம் வரலாற்று ஆய்வாளர் ஒருவர், டாக்டர் ஒருவர், புள்ளியியல் படித்த தம்பி ஒருவர் சேர்ந்து வந்தார்கள். பழைய தோட்டங்களின் செக்ரோலும் (தொழிலாளர் பெயரும் வேலை நாளும் கூலியும் எழுதிய பதிவேடு) தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவும் தட்டச்சு செய்து முடித்தபோது நாற்பதாயிரம் வரி. சுத்தம் செய்வது என் தலையில் விழுந்தது.

எக்செல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் கை பழகியது. ஒரு தாளில் 1,048,576 வரி பிடிக்கும், எங்களுக்குத் தாராளம். தேதிதான் வம்பு. 1900-க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே மதிக்காது. மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடுகிறதே என்று 2020-ல் சில மரபணுக்களுக்குப் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. டாக்டர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் சாய்ந்தது, தரவைச் சுத்தம் செய்வதற்கென்றே உள்ள ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருள் பக்கம். இலவசம். பிரவுசரில் திறந்தாலும் தரவு நம் கணினியிலேயே இருக்கும். நோயாளிப் பதிவுக்கு அது போதும். முனியாண்டி என்ற ஒரே பெயரைக் கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்) ஆங்கிலத்தில் ஐ போட்டு முடித்திருப்பார்கள், ஒய் போட்டு முடித்திருப்பார்கள், தூக்கம் வந்தால் ரெண்டு ஈ போடுவார்கள். அத்தனையையும் அது கொத்துக் கொத்தாகக் கூட்டி, ஒன்றாக்கட்டுமா என்று கேட்கும்.

ஆனால் நான் அதை எடுத்ததற்கு அது காரணமில்லை. எழுத்து வித்தியாச அளவைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொத்தைச் சேர்த்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து டாக்டர், "அக்கா, லெட்சுமணனுக்கு எப்படிப் பிரசவம் ஆச்சு?" என்றார். லெட்சுமியும் லெட்சுமணனும் ஒன்றாகியிருந்தார்கள். அந்தச் சேர்க்கைக்குப் பிறகு அதற்குள் இருநூறு திருத்தம் செய்தாயிற்று. எக்செல் தாளில் கையால் மாற்றியிருந்தால் எங்கே போய்த் தேடுவது? இதில் செய்தது ஒவ்வொன்றும் வரிசையாகப் பதிவாகிறது. அந்தப் பதிவை ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவக் கோப்பாக எடுத்து, அந்த ஒரு சேர்க்கையை மட்டும் நீக்கி, மூலக் கோப்பின்மேல் மீண்டும் ஓட்டினேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது. அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் வரலாற்றுக்காரர் எந்தப் பெயர் எதிலிருந்து வந்தது என்று என்னிடம் சண்டை பிடிக்கிறார். பிடிக்கட்டும், அதற்குத்தானே அது.

எக்செல்லுக்குள் இருக்கும் பவர் குவெரி என்ற தரவுக் கருவியும் படிகளைப் பதிவு செய்யும். நான் இரண்டு தடவைதான் தொட்டிருக்கிறேன், அதனால் அதைக் குறை சொல்லமாட்டேன். ஓப்பன்ரிஃபைன் எல்லாத் தரவையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு வேலை செய்வது. பல லட்சம் வரி வைத்திருப்பவர்கள் என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

தோட்டப் பெயரில் இரண்டுமே கைவிட்டன. பதிவேட்டில் கம்பெனி பெயர், ஆஸ்பத்திரிச் சீட்டில் ஜனங்கள் வைத்த தமிழ்ப் பெயர். எழுத்தில் ஒட்டே கிடையாது. ஓய்வு பெற்ற கங்காணி ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். தனித்தனிக் கட்டத்தில் கையால் திருத்தினால் அது ஜேசனில் வராது. ஆகவே அவர் சொன்னதை இரண்டு பத்தி அட்டவணையாக்கி இணைத்தேன். அந்த அட்டவணையைத் தட்டியது எக்செல்லில்தான்.