ஈஸ்ட்டின் மரபணு வரைபடம்: பயன்படுத்திப் பார்த்தவரின் குறிப்புகள்

காரைக்குடியில் கல்லூரி மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் நடத்துகிறேன். ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான் என்று முதல் வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. அதன் மரபணுத் தொகுதியைக் காட்டுவதற்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான சாக்கரோமைசஸ் ஜீனோம் டேட்டாபேஸ் என்ற ஈஸ்ட் மரபணுத் தகவல் தளத்தையும் (சாக்கரோமைசஸ் என்பது ஈஸ்ட்டின் அறிவியல் பெயர்) அதிலுள்ள ஜேபிரவுஸ் வரைபடத்தையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். உலாவியில் திறந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டியதில்லை.

முதலில் உலவிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், தேடுவது பிறகு தானாக வரும். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஈஸ்ட் அதற்கு வாகான உயிரி. உட்கருவுள்ள உயிரிகளில் முழு மரபணுத் தொகுதியும் முதன்முதலாகப் படிக்கப்பட்டது இதற்குத்தான், ஆண்டு 1996. 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி அலகுகள்), ஏறக்குறைய 6,000 மரபணுக்கள். முதல் குரோமோசோம் 2.3 லட்சம் எழுத்துகள்தான். சுட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் ஒரே அமர்வில் அதன் இரு முனைகளையும் பார்த்துவிடலாம். நான்காவது 15 லட்சத்தைத் தாண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

திரையில் தெரியும் பெயர்கள் முதலில் மிரட்டும். ஒய்பிஆர்020டபிள்யூ என்றால் என்ன? எங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளில் பெயருக்கு முன்னால் எழுத்துகளை அடுக்கி விலாசம் வைத்திருப்பார்கள். படிக்கத் தெரிந்தவருக்கு எந்த வீட்டுப் பிள்ளை என்பது அதிலேயே விளங்கிவிடும். இதுவும் அப்படித்தான். ஒய் என்பது ஈஸ்ட், பி இரண்டாம் குரோமோசோம், ஆர் அதன் வலக்கை, 020 சென்ட்ரோமியரிலிருந்து (குரோமோசோமை இரு கைகளாகப் பிரிக்கும் இடுப்புப் பகுதி) எண்ணிய வரிசை, டபிள்யூ டிஎன்ஏவின் இரு இழைகளில் வாட்சன் பெயரிட்ட இழை. எதிர் இழையில் இருந்தால் கிரிக்கின் பெயரால் சி. இதைப் புரிந்துகொண்ட மாணவர், பெயரைப் பார்த்ததுமே வரைபடத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

அந்த நீளப் பெயருக்குச் சொந்தமான மரபணுவின் புழக்கப் பெயர் கேல்1. இரண்டில் எதைத் தட்டினாலும் தேடல் பெட்டி நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தும். பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உருப்பெருக்கத்தைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். இடப்பக்கம் கேல்10 எதிர்த்திசையில் அம்புக்குறியோடு கிடக்கும். அதையும் தாண்டினால் கேல்7. காலக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கத் தேவையான மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றன. கேல்1, கேல்10 இரண்டுக்கும் நடுவே 700 எழுத்துகள்கூட இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கேல்4 என்ற புரதம் வந்து பற்றும் நான்கு இடங்கள் அதற்குள்தான் உள்ளன. காலக்டோஸ் கிடைத்ததும் இருபுறமும் ஒருசேர விழித்துக்கொள்கின்றன. பாடநூலில் இது மனப்பாடம் செய்யும் பத்தி. இங்கே, மூன்றும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று மாணவரே கேட்கிறார். தேடி எடுத்த ஒற்றை மரபணு அந்தக் கேள்வியை எழுப்பாது.

ஆக்ட்1 என்ற மரபணு இன்னொரு நல்ல நிறுத்தம். ஈஸ்ட்டில் இடையீட்டுப் பகுதி (இன்ட்ரான், மரபணுவை நடுவே துண்டாக்கி நின்று, பிறகு வெட்டி நீக்கப்படும் பகுதி) கொண்ட மரபணுக்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. முதல் துண்டு வெறும் 10 எழுத்து. தொலைவிலிருந்து பார்த்தால் திரையில் ஒட்டிய தூசி போல இருக்கும், நெருங்கினால்தான் மரபணுவின் தொடக்கம் என்று தெரியும்.

ஒன்றை மட்டும் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இந்த வரைபடம் எஸ்288சி என்ற ஒரே ஒரு ஆய்வக வகைக்கு உரியது. அதன் முன்னோர்களில் முதன்மையானது 1938-இல் கலிஃபோர்னியாவின் மெர்சட் பகுதியில் அழுகிய அத்திப்பழத்திலிருந்து எடுக்கப்பட்டது. கள் விட்டுப் புளிக்கவைத்த ஆப்பமாவின் ருசியை என் அப்பத்தா இன்றும் சொல்வார். அந்தக் கள் பானையின் ஈஸ்ட்டை இந்த வரைபடத்தில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. பனஞ்சாற்றின் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ். அதைப் பிளக்கும் நொதிக்கான சுக்2 மரபணு ஒன்பதாம் குரோமோசோமின் இட முனைக்கு அருகில் இருக்கிறது. வேறு வகைகளில் இதே குடும்பத்து மரபணுக்கள் பிற குரோமோசோம்களின் முனைகளிலும் உண்டு. எஸ்288சி-யில் சுக்2 மட்டுமே. பன்னிரண்டாம் குரோமோசோமில் ஹேப்1 மரபணுவைப் போய்ப் பாருங்கள்: டிஒய்1 என்ற தாவும் கூறு (மரபணுத் தொகுதிக்குள் இடம் மாறிச் செருகிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டு) அதில் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. இது இந்த வகைக்கே உரிய ஊனம்.

அதே குரோமோசோமில், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஆர்என்ஏ மரபணுக்கள் இருக்கின்றன. உண்மையான செல்லில் 100 முதல் 200 பிரதிகள் வரை தொடர்ச்சியாக நிற்கும். வரைபடத்தில் இரண்டே பிரதிகளை வரைந்து நிறுத்தியிருக்கிறார்கள். குரோமோசோமின் நீளத்தைத் திரையில் அளந்து பேசுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பயன்பாட்டு வசதியைப் பொறுத்தவரை, கைப்பேசியின் சிறிய திரையில் தடங்கள் (ஒவ்வொரு வகைத் தகவலையும் காட்டும் கிடைவரிசைகள்) ஒன்றின் மேல் ஒன்று நெருக்கும், மடிக்கணினியில் பாருங்கள். ஆர்வக்கோளாறில் எல்லாத் தடங்களையும் ஒரேயடியாகத் திறக்காதீர்கள். மரபணுத் தடத்தோடு இன்னும் ஒன்றிரண்டு போதும், இணைப்பு மந்தமான மாலைகளில் அதுவே சுகம். எனக்கு மிகவும் பயன்பட்டது முகவரி வரிதான். பார்க்கும் இடமும் திறந்த தடங்களும் அதிலேயே பதிவாகிவிடுவதால், வாட்ஸ்அப் குழுவில் ஒட்டினால் எல்லா மாணவருக்கும் அதே காட்சி திறக்கும். ஒரு மரபணுவின் எழுத்து வரிசை மட்டும் வேண்டுமென்றால் வரைபடத்தைத் திறக்கவே வேண்டாம். தளத்தில் அந்த மரபணுவுக்கென உள்ள பக்கத்திலிருந்து நேராக இறக்கிக்கொள்ளலாம்.